வீட்டைப் பார்க்க வருகிறார்களாம், பையனைப் பிரித்துவிடுவார்களா?

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 34 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. 62 வயது அம்மாவுடன் இருக்கிறார்; வீட்டிலேயே தையல் வேலை. தங்கை இறந்து 22 மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து தங்கை மகனை வளர்ப்பவர் இவர்தான். பையனுக்குப் போன மாதம் 4 வயது முடிந்தது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கும் ஆடிக்கும் வந்து பார்த்துவிட்டுப் போவதோடு சரி, பணம் தருவதில்லை.

மாதம் ₹4,000 கிடைக்கும் நிதி ஆதரவு உதவிக்கு இவர் விண்ணப்பித்திருந்தார். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து, "அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பார்க்கிறோம்" என்று போன் வந்திருக்கிறது. அதே வாரம் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது 12.4 கிலோ. "எடை அட்டையில மஞ்சள்ல இருக்கான், பேச்சும் வரல, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று பணியாளர் சொல்லியிருக்கிறார். "பேசாத பிள்ளைன்னு தெரிஞ்சா ஹோமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பையனின் அப்பா வழித் தாத்தாவோ, "எங்க வம்சம், எப்ப வேணா கூட்டிட்டுப் போவோம்" என்கிறார்.

"அவங்க வர்ற அன்னைக்குப் பையன் தூங்குறான்னு சொல்லிடலாமா? தையல் மெஷினை எடுத்து ஒளிச்சு வைக்கலாமா? அப்பா எங்கே இருக்காருன்னே தெரியலைன்னு எழுதினா பணம் சுலபமா கிடைக்கும்கிறாங்க, எழுதலாமா? ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தானே பேசும்?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருபவர் பாதுகாப்பு அலுவலராகவோ சமூகப் பணியாளராகவோ இருப்பார். பார்த்ததையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதுவது அவர் வேலை. ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவைக் கட்டுப்படுத்துவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பெற்றோர் பார்த்துக்கொள்ள முடியாதபோது நெருங்கிய உறவினர் வீடுதான் முதல் தேர்வு. தாயின் சகோதரி என்கிற முறையில் அந்தச் சட்டம் சொல்லும் 'உறவினர்' வரையறைக்குள்ளேயே நீங்கள் வருகிறீர்கள்.

அடி, பாலியல் தொல்லை, பட்டினி போடுவது, குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போவது போன்ற ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் உடனே பிரிப்பார்கள். ஓட்டு வீடு, கடன், பேச்சு வராதது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் விண்ணப்பித்திருக்கும் உதவியே, வறுமையால் ஒரு பிள்ளை வீட்டைவிட்டு இல்லத்துக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டதுதான். குழு எப்போதாவது உங்களுக்கு ஒவ்வாத உத்தரவு போட்டாலும் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்

குழந்தையின் தேவைகளை மதிப்பிட இங்கிலாந்து அரசு 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டகம் வெளியிட்டது. அதை ஒரு முக்கோணமாக வரைவார்கள். ஒரு பக்கம் குழந்தையின் வளர்ச்சி. இன்னொரு பக்கம் வளர்ப்பவரின் திறன். அடியில் குடும்பமும் சுற்றுப்புறமும். நம் ஊர்ப் படிவங்களில் கேள்விகள் வேறு வரிசையில் இருக்கும், ஆனால் சுற்றிச் சுற்றி இந்த மூன்றுக்குள்தான் வரும். "ராத்திரி யார் பக்கத்தில் படுப்பான்?" என்று கேட்டால் அதை வம்பு விசாரிப்பதாக நினைக்காதீர்கள். பயந்து எழுந்தால் அவன் யாரைத் தேடுகிறான் என்பதை அந்தப் பதிலிலிருந்துதான் தெரிந்துகொள்வார். "உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா யார் பார்ப்பாங்க?" என்ற கேள்வி உங்கள் அம்மாவின் வயதை மனதில் வைத்தது. "யாருமில்லை" என்பதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். உதவி தேவைப்படும் இடம் என்று அது பதிவாகும்.

வேலை தெரிந்தவர் வந்தவுடன் பையனிடம் பெயர் கேட்கமாட்டார். உங்களிடம் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் அவனைக் கவனிப்பார். புது ஆளைப் பார்த்ததும் உங்கள் பின்னால் ஒளிகிறானா, யார் வந்தாலும் வித்தியாசமே இல்லாமல் மடியில் ஏறுகிறானா? பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறானா? ஒரு பந்தைத் தரையில் வைத்துவிட்டு, அதை நோக்கிக் கை நீட்டாமல், "பந்தை எடுத்துப் பாட்டிகிட்ட குடு" என்றால் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்கிறானா? இதில் கடைசிக் கேள்வி முக்கியமானது. பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு. சொன்னது புரிந்து, வாய் மட்டும் திறக்காத பிள்ளைக்கும், சொன்னதே எட்டாத பிள்ளைக்கும் தேவை ஒன்றாக இருக்காது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. "தண்ணி வேணும்னா என் கையைப் பிடிச்சுக் குடத்துக்கிட்ட இழுத்துட்டுப் போவான், அவ்வளவு புத்திசாலி" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை அவன் இழுக்கும்போது அவன் கண்ணைப் பாருங்கள். குடத்தையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தால், அது பேச்சில்லாத பேச்சு, நல்ல அறிகுறி. முகத்தைப் பார்க்காமல், உங்கள் கையை ஒரு கரண்டியைப் போலப் பிடித்துக் குடத்தின் மேல் வைத்தால், அதை நிபுணரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். விரலை நீட்டிக் காட்டுகிறானா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

அன்றைக்குச் செய்யக் கூடாதவை

தூங்குகிறான் என்று சொல்லாதீர்கள். அவனைப் பார்க்காமல் எழுதும் அறிக்கையால் அவனுக்குப் பயன் இல்லை. இன்னொரு நாள் வரவேண்டியிருக்கும், அவ்வளவுதான். அவன் வழக்கமாகப் பகலில் தூங்கும் நேரத்தை முன்கூட்டியே போனில் சொல்லி, வேறு நேரம் கேளுங்கள். தூக்கக் கலக்கத்திலும் பசியிலும் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிற தவறு.

"பேர் என்னன்னு கேட்டா இப்படிச் சொல்லு" என்று பழக்காதீர்கள். தையல் மெஷினையும் ஒளிக்க வேண்டாம். வீட்டிலிருந்தபடியே சம்பாதித்துக்கொண்டு பிள்ளையையும் பார்ப்பது உங்களுக்குச் சாதகமான விஷயம். கத்தரிக்கோல், ஊசி டப்பா, பாபின் எல்லாம் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். இரண்டும் விசாரணைக்காக அல்லாமல் என்றைக்கும் வேண்டியவை.

அதற்குள் செய்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று வீடியோ எடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம்: சாப்பிடும்போது, தானாக விளையாடும்போது, ஏதாவது வேண்டும் என்று உங்களிடம் கேட்கும்போது. புது ஆள் முன்னால் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை வாட்ஸ்அப் குழுக்களில் போட வேண்டாம். பணியாளரிடமும் மருத்துவரிடமும் காட்டினால் போதும். ஒரு நோட்டில் ஏழு நாட்களுக்கு அவன் சாப்பிட்டது, தூங்கியது, வாயிலிருந்து வந்த சொற்களை (சரியாக வராத சொற்களையும்) எழுதிவையுங்கள். வருபவர் கால் மணி நேரத்தில் கிளம்பப் பார்த்தால், "அங்கன்வாடியிலும் ஒரு தடவை பார்த்துடுங்க" என்று நீங்களே கேட்கலாம். வீட்டில் ஒரு முறை, மற்ற பிள்ளைகள் நடுவில் ஒரு முறை என்று பார்த்தால்தான் மதிப்பீடு நிற்கும்.

காகிதங்களில் பலரும் மறப்பது தாய் சேய் நல அட்டை. குறைமாதமா, பிறந்தவுடன் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் வைத்தார்களா என்பதெல்லாம் அதிலும் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இருக்கும். தங்கை வீட்டுப் பெட்டியில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) கொண்டு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்று, தங்கையின் இறப்புச் சான்று, ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று ஆகியவை எப்படியும் வேண்டும்.

பேச்சு விஷயத்தில் இனி காத்திருக்க வேண்டாம்

ஆண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளைவிடச் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சில வாரங்கள், சில மாதங்கள் அளவில்தான். 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேச வேண்டும். 4 வயதில் நான்கு சொல்லாவது கொண்ட வாக்கியம் வரவேண்டும். உங்கள் கணக்குப்படி அவனிடம் இருப்பவை மொத்தம் ஆறு சொற்கள். இதை 'லேட்' என்று விட்டுவிட முடியாது.

இன்னொன்று: அம்மா இருந்தபோது "பாலு, வா, தாத்தா, காக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு நிறுத்திவிட்டான் என்கிறீர்கள். "துக்கம்தான் காரணம்" என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். இருக்கலாம். இரண்டேகால் வயதில் தாயை இழந்த பிள்ளை பின்னோக்கிப் போவது நடப்பதுதான். ஆனால் வந்த சொல் போய்விட்டது என்றால், எந்த வயதானாலும், காரணம் தெரிந்ததுபோல் இருந்தாலும், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். துக்கமும் ஒரு வளர்ச்சிக் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை.

முதல் சோதனை காது. "போன் அடிச்சா ஓடி வர்றான், காது நல்லாத்தான் கேட்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். போன் மணி சத்தமானது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கும். அவர்களுக்கு மணியும் டிவியும் கேட்கும், 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் நழுவிவிடும். பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அங்கன்வாடிப் பணியாளர் மூலமோ ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு மூலமோ பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். அந்தக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அதுவரை காத்திராமல் நேராகப் போனாலும் பார்ப்பார்கள். அங்கே செய்யும் பெரா என்ற காது கேட்கும் திறன் சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். அன்று விடியற்காலையிலேயே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். பஸ்ஸில் தூங்கி எழுந்து, அங்கே முழித்துக்கொண்டு, இன்னொரு தேதி வாங்கித் திரும்புபவர்கள் நிறைய.

காது சரி என்று தெரிந்த பிறகு குழந்தை நல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆகியோர் மொத்த வளர்ச்சியையும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் கேள்வி கேட்டு, 'ஆட்டிசம் ரிஸ்க்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பயன்படுத்திய எம்-சாட் வினாத்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. 4 வயதுப் பையனுக்கு அதில் வந்த மதிப்பெண்ணை வைத்து அழவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம்.

நாக்கில் வசம்பு தேய்த்ததையும் கோயில் மணியில் தண்ணீர் வார்த்துக் கொடுத்ததையும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். மணித் தண்ணீரால் கெடுதல் எதுவும் நடந்துவிடாது. அதை நம்பிக் காத்திருந்த எட்டு மாதங்கள்தான் நஷ்டம். வசம்பை நிறுத்திவிடுங்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசுவான் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். நாக்கு ஒட்டு இருந்தால் சில எழுத்துகள் திருத்தமாக வராமல் போகலாம். சொற்களே வராமல் போவதற்கு அது காரணம் ஆகாது.

தைக்கும் நேரம் முழுக்க அவன் கையில் போன் இருக்கிறது, "நாலு மணி நேரம் ஆகும்" என்கிறீர்கள். 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. போன்தான் அவன் பேச்சைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. அந்த நான்கு மணி நேரமும் யாரும் அவனிடம் பேசவில்லை என்பதுதான் விஷயம். மெஷின் சத்தத்தில் பேசவும் முடியாது. அங்கன்வாடியில் இருக்கும் நேரத்துக்குத் தையலைத் தள்ளுங்கள். அவன் வீட்டில் இருக்கும்போது பட்டன் டப்பாவைக் கொட்டாமல், பெரிய நூல்கண்டுகளைக் கொடுத்து நிறம் பிரிக்கச் சொல்லுங்கள். "சிவப்பு எடு", "சிவப்பு உள்ள போடு" என்று குட்டி வாக்கியம் சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவன் பதில் சொல்வதற்கு முன் நாமே பேசி நிரப்பிவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

எடை

4 வயது ஆண் குழந்தைக்கு நடுவளவு எடை 16.3 கிலோ. 12.7-க்குக் கீழே போனால் அட்டையில் மஞ்சள், 11.2-க்குக் கீழே ஆரஞ்சு. இவன் 12.4, பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். எடை மட்டும் பாதிக் கதைதான். உயரத்தையும் மேல்கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். உயரம் 95 செ.மீ.க்குக் கீழே என்றால் குறை நெடுநாளாக இருக்கிறது. கைச் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் அண்மையில் மெலிந்திருக்கிறான். ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும், 11-க்குக் குறைந்தால் இரத்தசோகை. இன்னும் குழைத்த ரசம் சாதம்தான் ஊட்டுகிறீர்கள் என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அவனுக்கு மெல்லத் தெரியவில்லையா, நாம் மெல்லப் பழக்கவில்லையா என்று அவர் பார்ப்பார்.

அப்பா, தாத்தா, பணம்

அப்பா இருக்குமிடம் தெரியாது என்று எழுதாதீர்கள். ஆடிக்கு வந்துபோனதை ஊரே பார்த்திருக்கிறது. பொய் ஒன்று வெளிப்பட்டால் நீங்கள் சொன்ன உண்மைகளும் சந்தேகத்துக்குள்ளாகும். எத்தனை முறை வந்தார், எவ்வளவு கொடுத்தார் என்று தேதியோடு எழுதுங்கள். பணியாளர் அவரிடமும் பேசுவார், பேசத்தான் வேண்டும். நீங்கள் விண்ணப்பித்திருக்கும் ₹4,000 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் உதவி; அதற்குக் குடும்ப வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு ₹72,000, மற்ற இடங்களில் ₹96,000. மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் ₹2,000 உண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று வருபவரிடமே கேளுங்கள். கள அறிக்கை, ஒப்புதல் குழு, நிதி ஒதுக்கீடு எல்லாம் தாண்டித்தான் பணம் கணக்கில் ஏறும். அதை நம்பி இப்போதே வட்டிக்கு வாங்காதீர்கள்.

சட்டப்படி இயற்கைக் காப்பாளர் அப்பாதான்; 22 மாதம் வளர்த்ததால் அந்த உரிமை தானாக உங்களுக்கு மாறிவிடாது. அதே நேரத்தில், தாத்தா சொல்லும் 'வம்ச' உரிமையும் சட்டத்தில் இல்லை. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் பையனின் நலனைத்தான் முதலில் பார்க்கும். யாராவது பலவந்தமாகத் தூக்கிச் செல்ல வந்தால் 1098-க்கு அழையுங்கள். இப்போதைக்கு, பையன் உங்களிடம் வளர்வதற்கும் சிகிச்சைக்கும் பள்ளிக்கும் தமக்குச் சம்மதம் என்று அப்பாவிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். அது காப்பாளர் உரிமையைத் தராது, ஆனால் மருத்துவமனையிலும் பள்ளியிலும் கைகொடுக்கும். முத்திரைத்தாளில் 'தத்து கொடுத்தேன்' என்று எழுதி வாங்கினால் போதும் என்று யாரோ சொன்னது சரியல்ல. காப்பாளராக வேண்டுமானால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் மனு. தத்து என்றால் உறவினர் தத்தெடுப்புக்கு உரிய முறை தனி. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம். ஆனால் முதலில் காதுப் பரிசோதனை, அப்புறம் கோர்ட்டு.

அம்மா எங்கே என்று அவன் தேடினால்

"அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று இன்னும் சொல்லிவருகிறீர்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வரவேண்டும். அவன் காத்திருப்பான், நீங்கள் சந்தைக்குக் கிளம்பினாலும் அதே பயத்தில் கத்துவான். "அம்மா செத்துட்டா. இனி வரமாட்டா. பெரியம்மா இருக்கேன்" என்று சின்னச் சொற்களில் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் பதியாது, பல முறை சொல்ல வேண்டியிருக்கும். அவள் படத்தை அவன் கண்மட்டத்தில் மாட்டுங்கள்.

அம்மாவின் பழைய புடவையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான், அழுக்காகிவிட்டது, துவைக்க எடுத்தால் அலறுகிறான் என்கிறீர்கள். பிடுங்க வேண்டாம். நீங்கள் தையல்காரர், நடுவில் வெட்டி, ஓரம் மடித்து அடித்து இரண்டு துண்டாக்கிவிடுங்கள். ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று அவன் கையில் இருக்கட்டும்.